யொசே: ‘நகைச்சுவை அரங்கம்’ வேண்டாம், ‘கதைக்கூடம்’ சரிவருமா?

ஜப்பானில் கதைசொல்லலும் இடையிடையே வேடிக்கை நிகழ்ச்சிகளும் நடக்கிற இடத்துக்கு ‘யொசே’ என்று பெயர். அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் பேச்சு.

> நகைச்சுவை அரங்கம் என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். யொசேயில் முதன்மை ரக்குகோ என்னும் தனியாள் கதைசொல்லல்தான். சின்ன மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்த ஒரே ஆள், ஒரு மடக்கு விசிறியும் கைத்துணியும் மட்டும் வைத்துக்கொண்டு, கதையில் வருகிற அத்தனை பேராகவும் தானே பேசுவார். விசிறி ஒரு நேரம் சாப்பிடும் குச்சி, ஒரு நேரம் கத்தி. பெரும்பாலும் சிரிப்புக்கதை, சரி. ஆனால் கண்கலங்க வைக்கிற கதையும் உண்டு, பேய்க்கதையும் உண்டு. சன்யூதேய் என்ச்சோ (1839–1900) பெரிய பெயர் வாங்கியதே பேய்க்கதை சொல்லித்தான். ‘அரங்கம்’ என்பதும் ரொம்பப் பெரிசாக ஒலிக்கிறது. தோக்கியோவில் ஷின்ஜுக்கு பக்கம் இருக்கிற சுஎஹிரோதேய் ஒரு மரக்கட்டடம், நடுவில் நாற்காலிகள், இரண்டு ஓரத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காரப் பாய் விரித்த இடம்.

> அப்படியானால் நகைக்கூடம்?

வளையல் வாங்க ஆள் வந்துவிடும் :) ஆனால் அந்தக் ‘கூடம்’ அருமை. யொசே என்ற சொல்லில் கதையும் இல்லை, சிரிப்பும் இல்லை. ‘யொசெரு’, அதாவது ஆட்களை ஓரிடத்தில் சேர்ப்பது, அதிலிருந்து வந்தது. நம் கூடத்திலும் ‘கூடு’ இருக்கிறதே! அதனால் கதைக்கூடம் என்கிறேன்.

கதை மட்டுமா அங்கே என்று கேட்பீர்கள். மாயவித்தை, இருவர் சேர்ந்து பேசும் நகைச்சுவைப் பேச்சு, கேட்ட உருவத்தைத் தாளில் வெட்டித் தருகிறவர் எல்லாம் இடையிடையே வருவார்கள். முன்பு பெயர்ப்பலகையில் இவர்கள் பெயரை மட்டும் சிவப்பில் எழுதியதால் ‘இரோமோனோ’, நிறத்தவை, என்று பெயர். ஆனாலும் கடைசியில் மேடையேறும் ‘தோரி’ பெரும்பாலும் ரக்குகோ கலைஞர்தான், ஆகவே கதை என்று பெயர் வைப்பதில் பிழை இல்லை.

முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘யொசே என்னும் கதைக்கூடம்’ என்று எழுதலாம். யொ குறிலாகவே இருக்கட்டும், நெடிலாக்கினால் ‘யோசி’ என்று வாசித்துவிடுவார்கள்.

இன்னொன்று. அங்கே பத்து நாளுக்கு ஒருமுறை நிகழ்ச்சிநிரல் மாறும்: கமிசெகி, நகசெகி, ஷிமோசெகி. இதற்கு முதற்பத்து, இடைப்பத்து, கடைப்பத்து என்று போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. 31ஆம் தேதிதான் இடிக்கிறது. அது எந்தப் பத்திலும் சேராது, அன்றைக்குத் தனி நிகழ்ச்சி. ‘மிகைநாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். வேறு யாராவது யோசியுங்கள்.