பழைய காபி கிளப்பின் ருசி பித்தளையிலா, டிகாஷனிலா?

குடந்தைக்காரன்:
கும்பகோணம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெடுஞ்சாலையில் "கும்பகோணம் டிகிரி காபி" என்று பலகை தொங்கும் இடங்களில் வண்டியை நிறுத்தாதீர்கள். அங்கே பளபளக்கும் பித்தளை டபரா வெறும் அலங்காரம். ஊருக்குள் கோயில் வீதிகளைச் சுற்றி அப்பாவும் பிள்ளையுமாக, அண்ணன் தம்பியாக நடத்தும் காபி கிளப் இன்னும் இருக்கிறது. சலவைக்கல் மேசை, கல்லாவில் பெரியவர், உள்ளே பித்தளை ஃபில்டர், விறகடுப்பு, கறந்த பசும்பால். இவற்றில் எது போனாலும் காபி போச்சு. எவர்சில்வர், கேஸ், பாக்கெட் பால் என்று மாறிவிட்ட கடையைப் பழைய கடை என்று யாரும் சிபாரிசு செய்ய வேண்டாம்.

டிகாஷன்தாசன்:
நெடுஞ்சாலைப் பலகை விஷயத்துல உங்க கட்சி. மத்ததுல இல்லை. ருசி பாத்திரத்துல இல்லீங்க, கடிகாரத்துல இருக்கு.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு டம்ளருக்கு டிகாஷன் 25 மில்லி, பால் 90 மில்லி. 250 கிராம் பொடிக்கு ஒன்றரை லிட்டர் வெந்நீர் விட்டா, பொடி தன் எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். கீழே இறங்குறது ஒரு லிட்டர்தான். அதுல 40 காபி. நாளைக்கு 300 காபி போற கடைன்னா பொடி கிட்டத்தட்ட 2 கிலோ, பால் 27 லிட்டர்.

அந்த 2 கிலோவையும் விடியக்காலை 4 மணிக்கே மொத்தமா இறக்கி வச்சா, 6 மணிக்குக் குடிக்கிறவர் கொடுத்து வச்சவர். 11 மணிக்கு வர்றவருக்கு வாசனை போன கசப்பு. ஆறுனதை அடுப்புல ஏத்திச் சுட வச்சா புளிப்பும் சேர்ந்துக்கும். கால் கிலோ கால் கிலோவா, கூட்டத்தைப் பார்த்து இறக்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வச்சுச் சூடு காக்குற கடைதான் நல்ல கடை. ஃபில்டர் எவர்சில்வரா இருந்துட்டுப் போகட்டும்.

பாத்திரக்கடை:
பித்தளைன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. ஈயம் பூசின பித்தளையான்னு கேளுங்க. பித்தளைங்கறது செம்பும் துத்தநாகமும். டிகாஷன் லேசான அமிலம். பூச்சு தேய்ஞ்ச பாத்திரத்துல மணிக்கணக்கா நின்னா செம்பு கரையும். முதல்ல நாக்குல உலோக ருசி, அப்புறம் வயித்தைப் பிரட்டல்.

பூசுறது வெள்ளீயம். காரீயம் கலந்திருந்தா அது தனி ஆபத்து. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகின ஈயத்தைப் பஞ்சால ஒரே வீச்சுல தேய்ச்சு இழுக்கணும். தினம் தேய்ச்சுக் கழுவுற கடைப் பாத்திரத்துக்குச் சில மாசத்துக்கு ஒரு தடவை இது தேவை. பூசுற ஆளு இப்போ தெருவுல கூவிட்டு வர்றதில்லை. உள்பக்கம் வெள்ளையா இருந்தா சரி, மஞ்சள் தெரிஞ்சா அந்த ஃபில்டரைச் சாமி அறையில வைக்கலாம்.

குடந்தைக்காரன்:
பூச்சு விஷயம் சரி, மறுக்கவில்லை. ஆனால் பித்தளை கனம். சூட்டைப் பிடித்து வைக்கும். மெல்லிய தகட்டில் செய்த எவர்சில்வர் ஃபில்டரில் மேல்பாத்திரத்தின் சூடு சீக்கிரம் இறங்கிவிடும், பொடியின் சாரம் முழுதாக வராது. பாலைப் பற்றி ஏன் யாரும் வாயைத் திறக்கவில்லை? "டிகிரி" என்ற பேரே பாலால் வந்தது. பால்மானி விட்டு டிகிரி பார்த்து வாங்கிய பால்.

பால்வண்டி:
அந்தப் பெயருக்குக் கதை மூணு. ஒண்ணு நீங்க சொன்ன பால்மானி. இன்னொண்ணு, காபிப் பொடியில கலக்குற வேர்த்தூளான சிக்கரியோட பேரு திரிஞ்சு டிகிரி ஆச்சுங்கறது. மூணாவது, முதல் டிகாஷன்தான் முதல் டிகிரி. அடிச்சுச் சொல்ல யார்கிட்டயும் ஆதாரம் இல்லை.

பால்மானியை நம்பாதீங்க. அது பார்க்குறது அடர்த்தியை மட்டும். நல்ல பசும்பால்ல 28லேர்ந்து 32 வரைக்கும் காட்டும். கொழுப்பை எடுத்தா எண் ஏறும், தண்ணி விட்டா இறங்கும். ரெண்டையும் அளவா செஞ்சா 29ல ஜம்முனு நிக்கும்! பாக்கெட்ல கொழுப்பு எவ்வளவுன்னு அச்சடிச்சே இருக்கு. சமன்படுத்தினது 3 சதவீதம், நிலைப்படுத்தினது 4.5, நிறைகொழுப்பு 6. காபிக்கு 4.5 போதும். 6ல ஆடை கட்டி, டிகாஷனை அமுக்கிடும்.

கறந்த பாலா பாக்கெட்டாங்கறதைவிட எவ்வளவு நேரம் கொதிக்குதுன்னு பாருங்க. அண்டாவுல 10 லிட்டரைக் காலையில ஏத்தி மதியம் வரைக்கும் சிம்ல விட்டா பால் பழுப்பாகும், பால்கோவா வாடை வரும். ரெண்டு ரெண்டு லிட்டரா காய்ச்சணும். பழைய பாலோட புதுப் பாலைக் கலக்கவே கூடாது. சித்திரை வெயில்ல டிகாஷன் பட்டதும் திரியறதுக்குப் பாதி காரணம் அதுதான். பழியை மட்டும் சிக்கரி மேல போட்டுடுவாங்க.

டிகாஷன்தாசன்:
«மெல்லிய தகட்டில்… சாரம் முழுதாக வராது»

மேல்பாத்திரத்துல முதல்ல வெந்நீர் ஊத்திக் கொட்டிட்டுப் பொடி போட்டா இந்தப் பிரச்சினை முடிஞ்சது. நிஜமா கெடுறது அரைப்புல. ரொம்ப நைஸா இருந்தா துளை அடைச்சு, சொட்டு நின்னு போகும். கொரகொரன்னு இருந்தா அஞ்சே நிமிஷத்துல சாயத்தண்ணியா ஓடிடும். பொடி மேல காம்பு வச்ச குடைத்தகட்டை வச்சு லேசா அமுக்கணும், அழுத்தக் கூடாது. கொதி அடங்கின தண்ணியைப் பொடி நனையுற அளவுக்கு விட்டு, அரை நிமிஷம் பொடி உப்பினதும் மிச்சத்தை ஊத்தணும். சொட்டு நின்னா உடனே கரண்டியால குத்தாதீங்க. ரெண்டு பாத்திரமும் இறுக்கமா உட்கார்ந்து உள்ளே காத்து அடைச்சிருக்கும். மேல்பாத்திரத்தை ஒரு தடவை தூக்கி வச்சா இறங்க ஆரம்பிக்கும்.

சிக்கரிக்கு வருவோம். வறுத்த காபியில தண்ணியில கரையுறது கால் பங்கு, மூணுல ஒரு பங்குன்னு வச்சுக்கலாம். சிக்கரியில பாதிக்கு மேல கரையும். அதனால நிறமும் கெட்டியும் சிக்கரி தரும், வாசனை தராது. சட்டப்படி கலவையில காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்ல போடணும். 80க்கு 20 நல்ல கணக்கு. சந்தேகம்னா கண்ணாடி டம்ளர்ல குளிர்ந்த தண்ணி எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவுங்க. காபி மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கிட்டே கீழே போகும்.

கல்லாப்பெட்டி:
விறகடுப்பைப் பத்திப் பேசுறவங்க அதுக்கு முன்னாடி நிக்கறதில்லை. திறந்த பால் அண்டா பக்கத்துல ஈர விறகு புகைஞ்சா பால்ல புகை வாடை ஏறும். அதை "பழைய மணம்"னு மெச்சிக்கிறாங்க. 19 கிலோ வணிக சிலிண்டர்ல தீயைக் கூட்டிக் குறைக்கலாம், ரெண்டு ரெண்டு லிட்டரா காய்ச்சுறதும் அப்பதான் சாத்தியம்.

இந்த மாதிரிக் கடைகள் மூடுறது கேஸால இல்லை, ஆளால. காலை 4 மணிக்கு எழுந்து டிகாஷன் இறக்க ஒருத்தர், ஆத்திக் கொடுக்க ஒருத்தர், கல்லாவுக்கு ஒருத்தர். மூணு பேரும் வீட்டாளா இருந்தாத்தான் கட்டும். பிள்ளை சென்னைக்குப் போனா ரெண்டு கூலி ஏறும். அப்புறம் மிச்சம் பிடிக்கக் கை வைக்கிறது பொடியில.

இன்னொண்ணு. பழைய பலகை, பழைய முறைன்னு மொத்தமா உருகாதீங்க. பல காபி கிளப் பலகையில "பிராமணாள்"னு இருந்த காலமும் அதுதான். 1957ல திருவல்லிக்கேணி முரளி கபே முன்னாடி பெரியார் இயக்கம் மறியல் செஞ்சது அந்த ஒரு சொல்லுக்காக. அது போனதால காபி கெட்டுப்போகலை.

குடந்தைக்காரன்:
அந்தச் சொல்லை யாரும் திரும்பக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். விறகை விட்டுக்கொடுக்கிறேன். பசும்பாலை விடமாட்டேன். விடியலில் கறந்து, ஏழு மணிக்குள் காய்ச்சிய பாலில் ஆற்றினால் எழும் நுரை வேறு. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

போகிறவர்கள் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, தேங்காய் அரைத்துவிட்ட குடந்தைப் பதார்த்தம். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. நேரம் ஆக ஆகப் பருப்பு இறுகிக் களி போல ஆகும், சர்வர் வெந்நீர் விட்டு இளக்கித்தான் கொண்டுவருவார். முதல் ஈட்டில் சாப்பிடுங்கள்.

டிகாஷன்தாசன்:
அதுவும் கடிகாரம்தானே சார்!

காலையில 6க்குப் போங்க, இல்லேன்னா மாலை மூணே முக்காலுக்கு. மதியம் 2 மணி வேண்டவே வேண்டாம். கல்லாவுல "புது டிகாஷன் இறங்கிடுச்சா"ன்னு கேளுங்க. "அஞ்சு நிமிஷம் ஆகும்"னா உட்காருங்க. "நம்ம கடையில எப்பவும் புதுசுதான்"னா டீ சொல்லிடுங்க.

குடந்தைக்காரன்:
காபி கிளப்பில் டீயா? அதற்கு மோர் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.