புதுப்பிப்பு: சென்னையிலிருந்து சந்திரதால், உயரம் ஒத்துக்கொண்டதா?

கடலோரத்திலேயே வாழும் எங்களுக்கு, இமாச்சலப் பிரதேசத்தில் 4,200 மீட்டருக்கு மேல் இருக்கும் சந்திரதால் ஏரியின் உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நல்லபடியாகப் போய் வந்துவிட்டோம்.

கைகொடுத்தது, 'மணாலி வழி வேண்டாம், சிம்லா வழியாக மெல்ல ஏறுங்கள்' என்ற யோசனைதான். கல்பா, டாபோ, காசா என்று தங்கித் தங்கி ஆறாம் நாள், ஏரிக்குப் போகும் வழியிலுள்ள குன்சும் கணவாயைத் தாண்டினோம். அம்மாவுக்கு லேசான தலைவலி, அவ்வளவுதான். மணாலியிலிருந்து ஒரே நாளில் வந்த பக்கத்துக் கூடாரத்துக்காரர் இரவெல்லாம் வாந்தி எடுத்தார், பாவம்.

எதிர்பாராதது: ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதியில்லை, முகாம் சில கிலோமீட்டர் தள்ளித்தான். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால், வேளச்சேரியில் வாங்கிய முறுக்குப் பாக்கெட் பந்து மாதிரி உப்பிவிட்டது. அப்புறம், காற்று எழும்புவதற்குள் காலையிலேயே போய்விடுங்கள். மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்.