குடும்பத்தை வைத்துக்கொண்டு பைலட் படிப்பு: எந்த வழியில் போனீர்கள்?

ஓசூர்க்காரர்

வயது 31. தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வேலை, வீட்டில் சின்னக் குழந்தை. ப்ளஸ் டூவில் பிசிக்ஸ், கணக்கு எடுத்திருந்ததால் தகுதிக்குச் சிக்கல் இல்லை. விமான நிறுவனமே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் ஏர்லைன் கேடட் புரோகிராம் என்றால் டைப் ரேட்டிங்கோடு (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) சேர்த்து ஒரு கோடி ரூபாயைத் தொடுகிறது, தாண்டவும் செய்கிறது. நாமே ஃபிளையிங் ஸ்கூல் தேடிச் சேர்ந்தால் செலவு கணிசமாகக் குறையும். ஆனால் சிபிஎல் என்கிற வணிக விமானி லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு டைப் ரேட்டிங், வேலை எல்லாம் நம் பொறுப்பு. நான் இரண்டாவது வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன். சம்பளத்தை விடாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டுத்தான் வேலையை விடுவது என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம்.

முதலில் மெடிக்கல். முதல்கட்டச் சோதனையான கிளாஸ் 2 முடித்து, விமானத்துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவில் பரீட்சை எழுதத் தேவையான கம்ப்யூட்டர் நம்பர் வாங்கி, வணிக விமானிக்கான மெடிக்கலான கிளாஸ் 1க்குப் பெங்களூரு போனேன். காது சோதனையில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிடுவார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் கேட்காத சத்தமும் கேட்பதுபோல் இருக்கும்! வெளியே எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பையன் ஏற்கெனவே ஒரு ஸ்கூலில் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்திருந்தான். நிறப்பார்வைப் புள்ளி அட்டைகளில் அவனுக்கு எண்கள் தெரியவில்லை. மேல் சோதனைக்கு அனுப்பினார்கள். அட்வான்ஸ் திரும்ப வருமா என்று என்னிடம் கேட்டான், நான் என்ன சொல்வேன்? கிளாஸ் 1 கையில் வராமல் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அடுத்தது பரீட்சைகள். நேவிகேஷன், வானிலை, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் பேப்பர்கள். 70 மதிப்பெண் எடுத்தால்தான் பாஸ். ரெகுலர் தேர்வு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதால் ஷிஃப்ட் வேலையில் இருந்துகொண்டே ஒவ்வொன்றாக முடிக்கலாம். நான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து காலையில் படித்தேன். நேவிகேஷன் கணக்குக்கு வட்டமாக ஒரு ஃபிளைட் கம்ப்யூட்டர் வைத்திருப்போம், கையால் சுழற்றுவது. என் மகளுக்கு அது கார் ஸ்டியரிங். பரீட்சைக்கு முதல் நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தேன்.

இனி 200 மணி நேரப் பறத்தல்தான் பாக்கி. வேலையை விட்டுத்தான் போக வேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

விமானி வீட்டம்மா

தம்பி, பறக்கிற காலத்தைக்கூட ஓட்டிவிடலாம். லைசென்ஸுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில் இருக்கும் காலம்தான் ஆளைத் தின்னும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் கடனுக்கு மாமனார் வீட்டுப் பத்திரம்தான் ஈடு. வங்கியில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்துரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மாமனார் கையெழுத்துப் போடும்போது ஒன்றும் பேசவில்லை. என் நாத்தனாருக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு என்பதால், அவரை உட்காரவைத்து முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், பின்னால் தெரிந்தால் பணத்தைவிடப் பெரிய பிரச்சினை.

என் கணவர் லைசென்ஸ் வாங்கியது 2019இல். அந்த ஏப்ரலில்தான் ஜெட் ஏர்வேஸ் நின்றது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடும்போது 200 மணிக்காரரை யார் கூப்பிடுவார்கள்? கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பார்த்தால் 2020இல் கொரோனா. சும்மா இருந்தாலும் செலவு நிற்காது. மெடிக்கலைப் புதுப்பிக்க வேண்டும், வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கான சோதனையை வருடத்துக்கு ஒருமுறை பறந்து காட்ட வேண்டும், அதற்கு விமான வாடகை. என் டீச்சர் சம்பளத்தில் வீடு ஓடியது, அவர் டியூஷன் எடுத்தார். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் 'பைலட்' என்பான், வேலை இல்லாத பைலட் என்று அவனுக்கு எங்கே தெரியும்.

இப்போது அவர் பறக்கிறார், 65 வயது வரை பறக்கலாம். ஆனாலும் உங்கள் வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லையென்றால் கேடட் புரோகிராமை நான் கேலி செய்ய மாட்டேன். பணம் அதிகம்தான், ஆனால் வரிசையில் ஓர் இடமாவது இருக்கும். வேலை உறுதி என்று பேப்பரில் எழுதியிருக்கிறதா, 'வாய்ப்பு' என்று எழுதியிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள்.

அமெரிக்கா போய்வந்த ஆள்

வெளிநாட்டில் சீக்கிரம் மணி நேரம் சேரும் என்பது உண்மைதான். நான் போன ஊரில் வருடத்தில் பெரும்பாலான நாள் வானம் தெளிவு. குடும்பத்தைக் கூட்டிப்போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: தொழிற்பயிற்சி மாணவருக்கான எம்-1 விசாவில் போனால் மனைவிக்குக் கிடைப்பது குடும்பத்தாருக்கான எம்-2. அதில் அவர் வேலை பார்க்க முடியாது. டாலரில் வாடகை, ஒரு சம்பளமும் இல்லை. நான் தனியாகத்தான் போனேன். திரும்பி வந்து இங்கே பரீட்சை எழுதி லைசென்ஸை மாற்றவும் காலம் பிடித்தது, அதையும் கணக்கில் வையுங்கள்.

இங்கேயே பறப்பதென்றால் ஸ்கூலுக்குப் போய் ஆபீஸில் உட்காராதீர்கள், ஹேங்கரைப் பாருங்கள். எத்தனை விமானம் பறக்கிற நிலையில் இருக்கிறது, எத்தனை உதிரிபாகத்துக்காக நிற்கிறது, அங்கே படிப்பவர்கள் போன மாதம் எத்தனை மணி பறந்தார்கள் என்று டீக்கடையில் அவர்களிடமே கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சோர்ட்டி (ஒருமுறை ஏறி இறங்கும் பயிற்சிப் பறத்தல்) ரத்தாவது சகஜம்.

ஓசூர்க்காரர்

அக்கா, உங்கள் பதிவை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் பி.எட். முடித்தவள், அடுத்த ஜூனில் பள்ளியில் சேரப் பார்க்கிறாள். அவளுக்கு வேலை கிடைத்த பிறகுதான் நான் ராஜினாமா கொடுப்பது என்று பேசியிருக்கிறோம். பணம் மொத்தமாகக் கட்டாமல் பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்ட ஒத்துக்கொள்கிற ஸ்கூல் எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். டீக்கடை யோசனைக்கு நன்றி சார், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்கூலுக்குப் போகிறேன்.