சூடான வண்டியும் மூன்றாவது இன்ஜெக்டரும்

நான்: மாமா, வண்டி கொஞ்ச நாளாகப் படுத்துகிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் எடுத்துவிடுகிறது. எங்காவது போய் நிறுத்தி அரைமணி நேரம் கழித்து வந்தால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. ஒருவழியாகப் பிடித்தால் பின்னால் கறுப்புப் புகை. அப்புறம் நன்றாக ஓடுகிறது.

அண்ணன்: பழைய வண்டிதானே தம்பி. எஞ்சினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. நான்கையும் புதிதாக மாற்றிவிடு, ஒரே வேலையாக முடிந்துவிடும்.

மாமா: இரு, அவசரப்பட வேண்டாம். எனக்கும் இன்ஜெக்டர் மேல்தான் சந்தேகம். ஆனால் இதே தொல்லையைப் பம்புக்குள் இருக்கும் வால்வும் தரும், பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரும் தரும். எது என்று பார்க்காமல் பாகத்தை மாற்றினால் காசு போகும், தொல்லை போகாது. மாப்பிள்ளை, பெட்ரோல் வாடை எங்கே வருகிறது? புகைக்குழாயிலா, பானெட்டைத் திறந்தாலா?

நான்: புகைக்குழாயில்தான் மாமா. பானெட்டுக்குள் ஈரம் எதுவும் கண்ணில் படவில்லை.

சித்தி: வாடை வருகிறது என்றாலே பயமாக இருக்கிறது. பிள்ளைகளை அதில் ஏற்றாதே கண்ணா.

மாமா: தங்கச்சி பயப்படுவது நியாயம்தான். இதில் இரண்டு வகை உண்டு. இன்ஜெக்டரின் மேல் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், கெட்டால் பெட்ரோல் வெளியே கசியும். பல வண்டிகளில் லைனில் 3 பார் அளவு அழுத்தம் இருக்கும், கீழேயோ கொதிக்கிற எக்ஸாஸ்ட். அந்த வகையாக இருந்தால் பட்டறை வரைக்கும்கூட ஓட்டக் கூடாது, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மற்றது, நுனி சரியாக மூடாமல் உள்ளே சிலிண்டர் பக்கம் சொட்டுவது. உன்னுடையது இரண்டாவது மாதிரி தெரிகிறது. இருந்தாலும் டார்ச் அடித்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயில் முழுக்க ஒருமுறை பார்த்துவிடு.

நான்: பார்த்துவிட்டேன், காய்ந்துதான் இருக்கிறது. ஒன்று புரியவில்லை. காலையில் மட்டும் ஏன் நன்றாக எடுக்கிறது?

மாமா: நல்ல கேள்வி. நிறுத்தியதும் லைனில் தங்கிய பெட்ரோல் ஒழுகுகிற இன்ஜெக்டர் வழியாகச் சொட்டும். சூட்டில் அது ஆவியாகி, எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிபோல்டில் நிற்கும். அரைமணியில் நீ ஸ்டார்ட் செய்யும்போது உள்ளே இருக்கும் காற்றுக்கு வேண்டியதைவிடப் பெட்ரோல் அதிகம், அதனால் பற்றாது. இரவு முழுக்க நின்றால் அந்த ஆவி போய்விடும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் தேவையும்கூட.

அடுத்த முறை சூட்டில் மக்கர் செய்தால் இதைச் செய்து பார். சாவியை ஆன் வரை மட்டும் திருப்பு, பம்பு ஓரிரு நொடி உறுமி நிற்கும், அணைத்துவிடு. இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் செய். உடனே பிடித்தால் அழுத்தம் இறங்கியதுதான் குறை, பம்பு வால்வு மேல்தான் சந்தேகம் வரும். இப்படிச் செய்தும் பிடிக்கவில்லை, ஆனால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சுற்றினால் பிடிக்கிறது என்றால் உள்ளே பெட்ரோல் நிறைந்து கிடக்கிறது. முழுக்க மிதித்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை நிறுத்திவிடும், காற்று மட்டும் போகும்.

நான்: இன்று மதியம் அதேபோல் பார்த்தேன் மாமா. ஆன் ஆஃப் செய்ததில் பலன் இல்லை. முழுக்க மிதித்ததும் இரண்டு சுற்றில் பிடித்தது, புகையோடு.

மாமா: சரி, இன்ஜெக்டர் பக்கம் சாய்கிறது. ரெகுலேட்டரை இன்னும் கழிக்கவில்லை. அதன் மேலே ஒரு வேக்குவம் ஹோஸ் இருக்கும், கழற்றிப் பார். உள்ளே பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வான டயாபிரம் கிழிந்திருக்கிறது. அப்புறம் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்.

நான்: ஹோஸ் காய்ந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது. ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, நான் ஊற்றவே இல்லை!

மாமா: அப்படியானால் வண்டியை இன்றோடு நிறுத்து. பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராக இளகிவிடும், பேரிங்கைக் காப்பாற்றாது. ஸ்டார்ட்டர் எப்போதாவது டங்கென்று முட்டி நின்றால் விடாப்பிடியாகத் திருப்பாதே. சிலிண்டரில் பெட்ரோல் தேங்கியிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அண்ணன்: மாமா, மல்ட்டிமீட்டர் வைத்து அளந்தால் எந்த இன்ஜெக்டர் என்று தெரியாதா?

மாமா: அது இன்ஜெக்டருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலை மட்டும்தான் சொல்லும். பெரும்பாலான இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓம் காட்டும். காயில் நன்றாக இருந்தும் நுனி ஒழுகலாம். நமக்கு வேண்டியது பிரஷர் கேஜ். என்னிடம் இருக்கிறது, சனிக்கிழமை கொண்டுவருகிறேன். தீயணைப்பான் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும், வண்டி திறந்தவெளியில் நிற்க வேண்டும், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.

சித்தி: பார்த்துச் செய்யுங்கள் அண்ணா. அவன் ஆர்வக்கோளாறில் எதையாவது கழற்றிவிடுவான்.

(சனிக்கிழமை)

நான்: சித்தி, அண்ணா, இப்போதுதான் முடித்தோம். சாவியை ஆன் செய்ததும் கேஜ் முள் 3 பாரில் நின்றது. அணைத்தோம், பத்து நிமிடத்தில் 1 பாருக்கு இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றி, பம்பிலிருந்து வரும் ஹோஸை மாமா கிளாம்ப் போட்டு அடைத்தார், அப்போதும் இறங்கியது. திரும்பிப் போகும் ஹோஸையும் சேர்த்து அடைத்தார், அப்போதும் இறங்கியது.

மாமா: இரண்டு பக்கமும் அடைத்த பிறகும் இறங்கினால், வெளியே ஈரமும் இல்லையென்றால், பெட்ரோல் போக இன்ஜெக்டரை விட்டால் வழி இல்லை. யாராவது இதைச் செய்தால் ஒன்று கவனியுங்கள், ரப்பர் ஹோஸில் மட்டும்தான் கிளாம்ப் போட வேண்டும், அதுவும் பல் இல்லாத கிளாம்ப். பிளாஸ்டிக் குழாயை நசுக்கினால் விரிசல் விடும்.

நான்: பிளக்கைக் கழற்றினோம். மூன்று பிளக் வெளிர் பழுப்பு. மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் கரி அப்பி, நனைந்து இருந்தது. அப்புறம் லைன் அழுத்தத்தை இறக்கிவிட்டு, ரெயிலை இன்ஜெக்டரோடு மேலே தூக்கினோம். பெட்ரோல் ஹோஸ் மாட்டியபடியே இருந்தது, இன்ஜெக்டர் கனெக்டர், பிளக்குக்கான இக்னிஷன் காயில் கனெக்டர் எல்லாம் கழற்றியாகிவிட்டது. அடியில் காய்ந்த அட்டை வைத்து மாமா சாவியை ஆன் மட்டும் செய்தார். மூன்று நுனி காய்ந்தே இருந்தது. மூன்றாவதில் ஒரு சொட்டு மெல்லத் திரண்டு, கனத்து, அட்டையில் விழுந்தது. பின்னாலேயே அடுத்தது.

அண்ணன்: அடேயப்பா. டேங்கில் கிளீனர் பாட்டில் ஊற்றினால் சரியாகாதா?

மாமா: நுனியில் படிந்த லேசான கசடுக்கு அது உதவும். இன்ஜெக்டர் வால்வு உட்கார்ந்து மூடும் சீட் தேய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யாது, இறுகிப்போன ஓ-ரிங்கையும் இளக்காது. இந்த ஓ-ரிங் கழற்றும்போதே கல்லாக இருந்தது. நான்கையும் ஒலி அலையால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கிளீனிங்குக்குக் கொடுக்கச் சொன்னேன். ஓடும் அளவை மட்டும் பார்த்துவிட்டுத் தராமல், அழுத்தத்தில் மூடி வைத்து ஒழுகுகிறதா என்றும் பார்க்கச் சொல், மாப்பிள்ளை. அதுதான் நமக்கு முக்கியம்.

நான்: கிளீனிங்குக்குக் கொடுத்த இன்ஜெக்டர்கள் வந்துவிட்டன மாமா. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஊற்றுகின்றன. மூன்றாவது கிளீன் செய்த பிறகும் சொட்டுகிறதாம்.

மாமா: சீட் தேய்ந்திருக்கிறது. அது ஒன்றை மட்டும் மாற்று, மேலே அச்சடித்த பார்ட் நம்பர் அப்படியே இருக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஊற்றும் அளவு வேறாக இருந்தால் அந்தச் சிலிண்டர் எப்போதும் தனியாக நடுங்கும். ஓ-ரிங் நான்குக்கும், மேலும் கீழும் புதிது. பெட்ரோலுக்கென்றே வரும் வைட்டான் ரப்பர் கேட்டு வாங்கு. சாதா ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும்.

நான்: மாட்டும்போது கிரீஸ் தடவலாமா?

மாமா: வேண்டாம். சுத்தமான எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு போதும். நேராக அமுக்கு. ஓ-ரிங் மடங்கினாலோ வெட்டுப்பட்டாலோ, மேலே என்றால் பெட்ரோல் கசியும், கீழே என்றால் காற்று இழுத்து ஐட்லிங் ஏறி இறங்கும். மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்யாதே. ஆன் செய்து அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு இன்ஜெக்டரின் கழுத்திலும் டிஷ்யூ காகிதத்தால் துடைத்துப் பார். காய்ந்திருந்தால் மட்டும் அடுத்த வேலை. பழைய ஆயிலை இறக்கிப் புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்ட பிறகுதான் எஞ்சினை எழுப்ப வேண்டும்.

நான்: எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்தாயிற்று. காகிதம் காய்ந்தே வந்தது. கேஜ் அரைமணி நேரத்துக்குப் பிறகும் 2.8-ல் நிற்கிறது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தி, காத்திருந்து எடுத்தேன், தொட்டதும் பிடித்தது மாமா! புகையும் இல்லை.

சித்தி: இப்போதுதான் நிம்மதி.

அண்ணன்: மாமா, என் டீசல் வண்டிக்கும் இப்படி ரெயிலைத் தூக்கிப் பார்க்கலாமா?

மாமா: கூடவே கூடாது. டீசல் வண்டியின் காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறிவிடும். அதற்கு ரிட்டர்ன் குழாயில் எவ்வளவு டீசல் திரும்புகிறது என்று அளக்கும் சோதனை இருக்கிறது, அதைத் தெரிந்தவர் செய்யட்டும். மாப்பிள்ளை, நீ வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார், மட்டம் ஏறாமல் இருக்கிறதா என்று. இறக்கிய ஆயிலில் பெட்ரோல் இருக்கிறது, இறுக்கி மூடி வெயில் படாத இடத்தில் வை. பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுக்கும்போது பெட்ரோல் கலந்தது என்று சொல்லிக் கொடு.