ஆன்டிடோட் மேட்சிங்ல பத்துக்கு ஆறு, எப்படித்தான் மண்டையில ஏத்துறது?

உப்பனாறு_பொண்ணு:
செகண்ட் இயர் பிஎஸ்சி நர்சிங், வீடு கடலூர் ஓடி (ஓல்டு டவுன்), காலேஜ் பாண்டி பக்கம். நேத்து பார்மகாலஜி இன்டர்னல்ஸ்ல மருந்துக்கும் அதோட ஆன்டிடோட்டுக்கும், அதாவது முறிவு மருந்துக்கும், "பொருத்துக" பத்து மார்க். ஹெப்பாரினுக்கு வைட்டமின் கே, வார்ஃபரினுக்கு புரோட்டமின்னு போட்டுட்டு வந்துட்டேன் 😭 அதே மாதிரி வலி மருந்து மார்ஃபினுக்கு ஃப்ளூமாசெனில், தூக்க மருந்து டயஸிபாமுக்கு நலாக்சோன். மாத்தி போட்டா ஒண்ணு இல்ல, ரெண்டு ரெண்டா போகுது. காலைல பஸ்ல ரெட்டிச்சாவடி தாண்டுறதுக்குள்ள முழு டேபிளையும் ஒப்பிச்சேன், ஹால்ல உக்காந்ததும் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. வியாழக்கிழமை ரீ-டெஸ்ட். சீனியர்ஸ் யாராவது வழி சொல்லுங்க ப்ளீஸ்.

நைட்_டூட்டி_அக்கா:
டேபிள ஒப்பிக்கிறதால தான்மா இந்த பிரச்சன. அந்த மருந்து உள்ள போய் என்ன பண்ணுதுனு ஒரு தடவ யோசிச்சிட்டா மாத்தி போடவே வராது. ரத்தம் உறையாம பண்ற ஹெப்பாரின் நெகட்டிவ் சார்ஜ், புரோட்டமின் பாசிட்டிவ், ரத்தத்துலயே ரெண்டும் போய் ஒட்டிக்கும், கத முடிஞ்சுது, அதான் நிமிஷத்துல வேல செய்யும். 100 யூனிட் ஹெப்பாரினுக்கு சுமார் 1 மில்லிகிராம், மெதுவா போடணும், வேகமா தள்ளுனா பிபி டக்குனு இறங்கும். இந்த புரோட்டமின் முதல்ல எடுத்தது சால்மன் மீனோட விந்துல இருந்து, அதான் மீன் அலர்ஜி இருக்கானு கேட்டுக்கறது. ஓடி பொண்ணு நீ, மீன மறப்பியா?

வார்ஃபரினும் ரத்தம் உறையாம பண்றதுதான், ஆனா வழி அப்படி இல்ல. அது லிவர்ல வைட்டமின் கே வேலைய தடுத்து ரத்தம் உறையறதுக்கு வேண்டிய 2, 7, 9, 10 ஃபேக்டர செய்யவிடாம பண்ணுது. திருப்பி கே குடுத்தாலும் லிவர் புதுசா செஞ்சு அனுப்பணும், மணிக்கணக்கா ஆகும். ரத்தம் கொட்டிட்டு இருக்கறவங்களுக்கு கே மட்டும் போட்டுட்டு காத்திருக்க முடியாதுனு எஃப்எஃப்பியும் (ஃப்ரீஸ் பண்ணி வச்ச பிளாஸ்மா) ஏத்துறாங்களே, அது இதனாலதான்.

அப்புறம் மேக்சல்ஃப், அதாவது மேக்னீசியம் சல்ஃபேட், அதுக்கு ஆன்டிடோட் கால்சியம் குளுக்கோனேட். உனக்கு லேபர் வார்டு போஸ்டிங் வரும்போது பாரு, ஃபிட்ஸ் வந்த அம்மாவுக்கு மேக்னீசியம் ஓடுற பெட் பக்கத்து ட்ரேல 10 எம்எல் கால்சியம் குளுக்கோனேட் ஆம்ப்யூலும் சிரிஞ்சும் தனியா இருக்கும். அத வேற யாராவது எடுத்துட்டு போனா எங்க பழைய இன்சார்ஜ் சிஸ்டர் வார்டையே ரெண்டாக்கிடுவாங்க. டோஸ் போடறதுக்கு முன்னாடி மூணு பாக்கணும், முட்டியில தட்டுனா கால் உதறுதா, மூச்சு நிமிஷத்துக்கு 16 இருக்கா, யூரின் மணிக்கு 30 எம்எல் வருதா. முதல்ல போறது முட்டி உதறல்தான், மூச்சு அதுக்கப்புறம். அதனால உதறல் இல்லனாலே டோஸ நிறுத்திட்டு டாக்டர கூப்பிடு.

புலியூர்_தம்பி:
அக்கா இவ்ளோ விளக்கம் எல்லாம் ரெண்டு நாள்ல எப்படி, ரீ-டெஸ்ட்டுக்கு டேபிள் போதும். நான் நோட்டுல ரெண்டு பக்கமும் எழுதி நடுவுல மடிச்சு வச்சி பாஸ் பண்ணேன். ஐசோனியாசிட்–பைரிடாக்சின், மெத்தோட்ரெக்சேட்–லியூக்கோவோரின், அயர்ன்–டிஃபெராக்சமின், பாரசிட்டமால்–அசிட்டைல் சிஸ்டீன், பூச்சி மருந்துக்கும் மஞ்சள் அரளிக்கும் அட்ரோபின். முடிஞ்சுது.

காஷுவாலிட்டி_பிரதர்:
தம்பி, மடிச்ச நோட்டுலயே ஒரு தப்பு இருக்கு 😄 அரளி விதைக்கு அட்ரோபின் ஆன்டிடோட் கிடையாது, பல்ஸ் ரொம்ப இறங்குனா தூக்கி நிறுத்த போடறது. அந்த விதைல இருக்கறது டிஜாக்சின்ங்கிற இதய மருந்தோட குடும்பத்து சரக்கு, அதனால அதோட ஆன்டிடோட் டிஜாக்சின் ஆன்டிபாடிதான். பூச்சி மருந்துக்கு அட்ரோபின் கரெக்ட், கூட பாம்னு சொல்ற பிராலிடாக்சைமையும் எழுது. பாம் எவ்ளோ உதவுதுனு டாக்டர்ஸுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, ஆனா பேப்பர்ல ரெண்டும் இருக்கணும்.

பண்ருட்டி பக்கத்து கேஸ் ஒண்ணு என்னால மறக்க முடியாது. சட்டையில பூண்டு மாதிரி நாத்தம், வாயில நுரை, கண்ணு பாப்பா ஊசிமுனை. அட்ரோபின் ஒரு ஆம்ப்யூல்ல 0.6 மில்லிகிராம்தான், உடைச்சு உடைச்சு என் கட்டவிரல் கீறி போச்சு. நெஞ்சுல சளி சத்தம் நின்னு, அக்குள் காஞ்சு, பல்ஸ் 80 தாண்டுற வரைக்கும் போயிட்டே இருக்கும். விடியகால அந்த பெரியவர் போர்வைய பிச்சிக்கிட்டு மாட்ட அவுத்து விடச் சொல்லி கத்துறார். நான் பயந்துட்டேன், ட்யூட்டி டாக்டர் வந்து பாத்துட்டு "அட்ரோபின் ஓவர்"னு குறைச்சாங்க. ஆங், கிளவுஸ் போடாம அந்த துணிய கழட்டாத, தோல் வழியாவே ஏறும்.

ஊசிமுனை பாப்பாவ வச்சி எக்ஸாம்லயும் மடக்குவாங்க. மார்ஃபின்லயும் அதேதான் இருக்கும். வாய் ஒழுகி நெஞ்சு கரகரனா பூச்சி மருந்து, வாய் காஞ்சு மூச்சு மட்டும் அடங்கிட்டே போனா மார்ஃபின், நலாக்சோன் எடு. போட்டதும் எழுந்து உக்காருவாங்க, ஒரு மணி நேரத்துல நலாக்சோன் தேஞ்சிடும், மார்ஃபின் உள்ளேயே இருக்கும், திரும்ப தூங்கி மூச்சு நிக்கப் பாக்கும். பெட்ட விட்டு நகராத.

"எலி மருந்து"னு கேள்வி வந்தா கவனமா படி. ரத்தம் உறையாம பண்ற கேக் வகைனா வைட்டமின் கே. மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டுக்குனு தனி ஆன்டிடோட்டே கிடையாது, நம்ம ஊர் விஷத்தழை ஒடுவந்தழைக்கும் கிடையாது.

நைட்_டூட்டி_அக்கா:
மெத்தனால விட்டுட்டீங்க பிரதர். 2024 ஜூன்ல அது கலந்த கள்ளச்சாராயம் குடிச்ச கள்ளக்குறிச்சி கேஸ்ங்கள பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு கூட கொண்டு வந்தாங்கல்ல. மெத்தனால விட லிவர் அத மாத்துற ஃபார்மிக் ஆசிட்தான் கண்ண கெடுக்கும். அந்த மாத்துற என்சைம ஃபோமெபிசோல் தடுக்கும், அது கெடைக்கலனா எத்தனால்.

உப்பனாறு_பொண்ணு:
அக்கா பிரதர் ரெண்டு பேருக்கும் கோடி நன்றி, இப்ப வார்ஃபரினும் ஹெப்பாரினும் கனவுல கேட்டாலும் சொல்லிடுவேன். ராத்திரி அம்மா மீன் கழுவிட்டு இருந்தாங்க, மீன் விந்துல இருந்து ஊசி மருந்து எடுத்தாங்களாம்மானு சொன்னேன், "பொட்டப்புள்ள பேசற பேச்சா இது"னு கைல இருந்த சங்கரா மீனோடவே அடிக்க வந்துட்டாங்க.