புதுப்பிப்பு: கல்லூரி மாறும் முடிவு

விடுதி ஒத்துவரவில்லை, புதுச்சேரியை விட்டுக் கடலூரிலேயே ஒரு கல்லூரியில் சேரலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி.

இப்போதைக்கு மாறவில்லை. தூரம் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் பல்கலைக்கழகம் வேறு. இங்கே புதுவைப் பல்கலைக்கழகம், அங்கே அண்ணாமலை. இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் செமஸ்டரில் மொழிப்பாடம் தவிர எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. நடுவில் போனால் அநேகமாக அடுத்த ஜூனில் மறுபடி முதலாமாண்டுதான். அப்பா கட்டிய பணத்தை நினைத்தால் மனசு வரவில்லை.

கல்லூரி மாறினால் என் சான்றிதழைத் திருப்பித் தருவார்களா என்றும் முன்பு பயந்து கேட்டிருந்தேன். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே சொல்லிவிட்டது. இதே குழப்பத்தில் இருப்பவர்கள் தைரியமாகக் கேளுங்கள்.

அப்புறம், விடுதியைக் காலி செய்துவிட்டேன். தினமும் வீட்டிலிருந்து பஸ். காலையில் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் கால் வைக்க இடமிருக்காது. ஆனாலும் ராத்திரி அம்மா கையால் சாப்பிட்டுத் தூங்குகிறேன். படிப்பும் ஏறுகிறது. தவளக்குப்பத்தில் ஏறும் வகுப்புத்தோழி ஒருத்தியும் கிடைத்திருக்கிறாள். செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.