100/90 பல்பு: மாட்டலாமா, வேண்டாமா?

இரவுப்பயணி: என்னுடையது பழைய பெட்ரோல் கார். ஹெட்லைட்டில் 60/55 வாட் எச்4 பல்பு, அதாவது ஒரே பல்பில் பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. இரவில் திருச்சி ரோட்டில் விழுப்புரம் தாண்டினால் பள்ளம்கூடத் தெரியவில்லை. 100/90 வாங்கிவிட்டேன். "அப்படியே மாட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார் கடைக்காரர். மாட்டலாமா?

பட்டறைவாசி: அப்படியே மாட்டாதீர்கள். பிரைட் போட்டால் 60 வாட் ஜோடி சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் ஜோடி கிட்டத்தட்ட 17. பழைய வண்டிகள் பலவற்றில் இத்தனையும் சுவிட்ச் வழியாகத்தான் போகும். சுவிட்ச் கருகும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். பேட்டரியிலிருந்து ஃபியூஸுடன் தனியாகத் தடித்த வயர், ரிலே (சுவிட்சிலிருந்து வரும் சிறு கரண்டில் இயங்கி, லைட்டின் பெரிய கரண்டைத் தன் வழியாக விடும் சாதனம்), செராமிக் ஹோல்டர் எல்லாம் வேண்டும்.

நெடுஞ்சாலை: சும்மா பயமுறுத்தாதீங்க அண்ணே. என் வண்டியில் வருஷக்கணக்காக 100/90தான். ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது, பெரிய ஃபியூஸாகப் போட்டேன். பிரச்சினை தீர்ந்தது.

பட்டறைவாசி: தீரவில்லை தம்பி, இடம் மாறியிருக்கிறது. ஃபியூஸ் இருப்பது வயரைக் காக்க. வயர் அதேதான் என்றால், இனி ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும்.

எதிர்வண்டி: ரிலே போட்டாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிம்மிலேயே 90 வாட் அடித்தால் எதிரே பைக்கில் வருகிறவன் எங்கே போவான்? இந்தப் பல்புகளின் பெட்டியில் பெரும்பாலும் சாலையில் ஓட்ட அல்ல என்றுதான் அச்சடித்திருக்கும்.

நெடுஞ்சாலை: இப்போது வருகிற எல்இடி கூசாததா இது கூசப்போகிறது?

எதிர்வண்டி: அவன் கண்ணைக் குத்துகிறான், நானும் குத்துவேன் என்பது ஒரு நியாயமா?

பட்டறைவாசி: சண்டை அப்புறம். இரவுப்பயணி, எஞ்சின் ஓட, லைட் எரிய, பேட்டரியிலும் ஹோல்டரிலும் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும். ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் எந்தப் பல்பும் உதவாது.

இரவுப்பயணி: ரிஃப்ளெக்டர் பளிச்சென்றுதான் இருக்கிறது. பேட்டரியில் 13.8, ஹோல்டரில் 12.1.

பட்டறைவாசி: வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வயரிலேயே போகிறது. ரிலே போட்டு, பழைய 60/55ஐயே மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

நெடுஞ்சாலை: ரிலே வந்தபிறகு 100/90க்கு என்ன தடை?

எதிர்வண்டி: மறுபடியும் முதலிலிருந்தா!

இரவுப்பயணி: முதலில் ரிலே. பல்பைக் கடைக்காரர் திரும்ப வாங்குவாரா என்று கேட்கிறேன்.